உடுக்கைப் பாட்டும் பழைய கம்ப்யூட்டரும்

பெட்டியை மாற்ற வேண்டாம், தட்டை மாற்றினால் போதும்! ஆனால் தட்டு விலை ஏன் ஏறியது?

காங்கேயம் என்றதும் காளை நினைவுக்கு வரும். அடுத்தது தேங்காய் எண்ணெய். பிறகு அரிசி ஆலை, சிவன்மலை. இவற்றோடு சேர்த்துச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. அதுதான் பாட்டு!

உடுக்கை அடித்துப் பாடும் அண்ணன்மார் கதை இந்தச் சீமையின் சொத்து. பொன்னர்-சங்கர் கதை என்றால் எல்லோருக்கும் தெரியும். 2011-ல் சினிமாவாகக் கூட வந்தது. ஆனால் கிராமத்தில் உடுக்கைக்காரர் பாடும் கதை வேறு. அது ஓர் இரவில் முடியாது. இரவு இரவாகப் பாடுவார்கள்.

60 வருஷங்களுக்கு முன்பு, ஒரு வெளிநாட்டு இளம் பெண் காங்கேயம் வட்டாரத்துக்கு வந்தார். பெயர் பிரெண்டா பெக். பிற்காலத்தில் கனடாவில் பேர் பெற்ற மானிடவியல் அறிஞர் ஆனவர். அவர் ஓலப்பாளையம் கிராமத்தில் தங்கினார். 1965-ல், உடுக்கைப் பாடகர் இராமசாமி பாடிய அண்ணன்மார் கதையைப் பல இரவுகள் உட்கார்ந்து டேப்பில் பதிவு செய்தார். பிறகு அது எழுத்தில் ஏறியது. 1992-ல் சென்னை ஆசியவியல் நிறுவனம் அதைத் தமிழும் ஆங்கிலமுமாக இரண்டு பாகங்களில் வெளியிட்டது.

அந்த டேப் இல்லாவிட்டால் அந்தப் புத்தகம் ஏது? அந்தக் குரல்தான் ஏது?

இன்று டேப் இல்லை. டேப் செய்த வேலையைக் கம்ப்யூட்டர் செய்கிறது. அந்தக் கம்ப்யூட்டருக்குள் பாட்டைத் தாங்கி நிற்கும் தட்டைப் பற்றித்தான் இப்போது பேச்சு.

கும்மிக்கு வந்த யோகம்

கொங்கு நாட்டில் இப்போது கும்மிக்கு நல்ல காலம். வள்ளி கும்மி ஆடாத திருவிழா குறைவு. பெண்களும் குழந்தைகளும் நூற்றுக்கணக்கில் ஆடுகிறார்கள். கோவை மாவட்டத்தைச் சேர்ந்த வள்ளி ஒயில் கும்மி ஆசிரியர் பத்திரப்பனுக்கு 2024-ல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. அப்போது அவர் வயது 87!

ஆட்டம் பெருகினால் பாட்டும் பெருகும். பாட்டைப் பதிவு செய்து கேட்க வேண்டும். பிள்ளைகள் வீட்டில் போட்டுப் பழக வேண்டும். அதனால் ஊருக்கு ஊர் சிறு பதிவுக்கூடங்கள் முளைக்கின்றன. ஓர் அறை, சுவரில் பழைய மெத்தை, நாலு மைக், ஒரு கம்ப்யூட்டர். அவ்வளவுதான்.

அந்தக் கம்ப்யூட்டர் பெரும்பாலும் பழையது. பத்து, பன்னிரண்டு வருஷம் ஆனது. காசு இல்லாதது மட்டும் இதற்குக் காரணம் அல்ல. மைக்கிலிருந்து வரும் ஒலியைக் கம்ப்யூட்டருக்குள் கொண்டு செல்ல ஒரு கருவி வேண்டும். நல்ல கருவியாக, அந்த நாளில் பெரிய விலை கொடுத்து வாங்கியிருப்பார்கள். அது பழைய கம்ப்யூட்டரில்தான் பொருந்தும். புதுக் கம்ப்யூட்டரில் அதைச் செருக வாயே இருக்காது. கம்ப்யூட்டரை மாற்றினால் கருவியையும் மாற்ற வேண்டும். உள்ளே இருக்கும் மென்பொருளையும் மாற்ற வேண்டும். ஒன்றைத் தொட்டால் மூன்று செலவு!

அதனால் பழசே ஓடுகிறது. ஒரு நாள் இப்படிப் பேச்சு வரும்:

"ஏனுங் தம்பி, போன வாரம் பாடினதைக் கொஞ்சம் போடு கண்ணு, கேக்கலாம்."

"ஐயா... அது திறக்க மாட்டேங்குதுங்க."

"திறக்கலீன்னா? மறுபடியும் பாடோணுமா?"

"மறுபடியும் பாடோணுமுங்க."

எழுபது வயதுப் பாடகர் மறுபடியும் பாடலாம். தொண்டை ஒத்துழைக்க வேண்டுமே! அதே பாவம் திரும்பி வர வேண்டுமே!

செக்கு மாடும் சுழல் தட்டும்

பழைய கம்ப்யூட்டரில் பாட்டு எங்கே தங்குகிறது? ஹார்டு டிஸ்க் என்ற சுழல் தட்டில். உள்ளே வட்டமான தட்டு ஒன்று சுற்றிக்கொண்டே இருக்கும். செக்கு மாடு சுற்றுவது போலத்தான். ஆனால் வேகம்? நிமிஷத்துக்கு 5,400 சுற்று! மேசைக் கம்ப்யூட்டர்களில் பெரும்பாலும் 7,200 சுற்று. தட்டின் மேல் ஒரு சிறு கை இப்படியும் அப்படியும் ஓடி எழுதும், படிக்கும். கிராமபோன் ஊசியைப் போல என்று சொல்லலாம். ஒரே வித்தியாசம், இந்தக் கை தட்டைத் தொடாது. தொட்டால் தட்டு கெட்டது!

முதல் சுழல் தட்டுக் கம்ப்யூட்டரை 1956-ல் ஐ.பி.எம். கம்பெனி அமெரிக்காவில் வெளியிட்டது. 50 தட்டுகள். ஒவ்வொன்றும் 24 அங்குல அகலம். எடை ஒரு டன்னுக்கு மேல். அதில் கொண்டது 50 லட்சம் எழுத்து. இன்றைய இசைத்தட்டுத் தரத்தில் பாட்டு பதிந்தால், அந்த ஒரு டன் யந்திரத்தில் அரை நிமிஷப் பாட்டுகூட அடங்காது!

இன்று சட்டைப் பையில் அடங்கும் தட்டில் ஆயிரக்கணக்கான பாட்டு அடங்குகிறது. பிறகு என்ன குறை?

குறை வேகத்தில் இல்லை. இதைப் பலர் தவறாக நினைக்கிறார்கள். ஒரு மைக்கின் ஒலியை நல்ல தரத்தில் பதிவு செய்ய ஒரு மணிக்கு சுமார் 520 எம்.பி. இடம் வேண்டும். உடுக்கை, பம்பை, முன்பாட்டு, பின்பாட்டு என்று 8 மைக் வைத்தால், மணிக்கு 4 ஜி.பி.க்குச் சற்று மேல். விநாடிக் கணக்கில் பார்த்தால் ஒரு எம்.பி.யைக் கொஞ்சம் தாண்டும். பழைய சுழல் தட்டுகூட விநாடிக்கு 50, 100 எம்.பி. எழுதும். கணக்குப்படி தாராளம்.

அப்படியானால் நடுவில் 'டிக்' என்று சத்தம் வருவது ஏன்? பதிவு சட்டென்று நிற்பது ஏன்?

கை ஒன்றுதான்! இடமோ பல! 8 மைக்குக்கு 8 இடத்தில் எழுத வேண்டும். முன்பு பதிந்த பாட்டை நாலு இடத்திலிருந்து படிக்க வேண்டும். அதே நேரத்தில் கம்ப்யூட்டர் தன் சொந்தக் காரியத்துக்காக வேறோர் இடத்துக்குப் போகச் சொல்கிறது. ஒவ்வோர் ஓட்டத்துக்கும் சுமார் 15 மில்லி விநாடி ஆகிறது. ஒரு விநாடியை ஆயிரமாகப் பிரித்தால் அதில் 15 பங்கு. சிறியதுதான். ஆனால் நூறு ஓட்டம் சேர்ந்தால் ஒன்றரை விநாடி! பாட்டு காத்திருக்குமா? ஒரே ஆள் பத்துப் பந்திக்குப் பரிமாறினால் எங்கோ ஓர் இலையில் சோறு வராமல் போகும். அதே கதைதான்.

தட்டு நிறைந்துவிட்டால் இன்னும் மோசம். மேலே சொன்ன கணக்கில், ஓர் இரவு 6 மணி நேரம் பாடினால் 25 ஜி.பி. பத்து இரவு பாடினால் 250 ஜி.பி. பழைய கம்ப்யூட்டர்களில் பலவற்றில் மொத்த இடமே அவ்வளவுதான். இடம் குறையக் குறைய ஒரே பாட்டைத் துண்டு துண்டாக்கி மூலை மூலையாக எழுதும். கைக்கு ஓட்டம் இரட்டிப்பாகும்.

சுற்றாத தட்டு

இதற்கு மாற்றாக வந்ததுதான் எஸ்.எஸ்.டி. இதில் தட்டே கிடையாது. சுற்றுவது இல்லை. கை இல்லை. சத்தமும் இல்லை. எல்லாம் சில்லு. ஜப்பானில் தோஷிபா கம்பெனியில் வேலை பார்த்த ஃபுஜியோ மசுவோக்கா என்ற என்ஜினீயர் 1980-களில் கண்டுபிடித்த நினைவுச் சில்லுதான் இதற்கு மூலம். செல்போனில் இருப்பதும், பென் டிரைவில் இருப்பதும் அதே வம்சம்.

எந்த இடத்தில் கேட்டாலும் மில்லி விநாடியில் பத்தில் ஒரு பங்கில் எடுத்துக் கொடுக்கும். சுழல் தட்டைவிட நூறு மடங்குக்கு மேல் சுறுசுறுப்பு! பழைய கம்ப்யூட்டரில் இதைப் போட்டவர்கள் "புதுக் கம்ப்யூட்டர் மாதிரி இருக்கிறது" என்று சொல்வது மிகை அல்ல.

பாட்டுப் பதிவுக்கு இன்னொரு லாபம் உண்டு. மைக்கும் கம்ப்யூட்டரும் ஒரே அறையில் இருந்தால், சுழல் தட்டின் 'ரீ...' என்ற ரீங்காரம் பாட்டில் ஏறும். பெருஞ்சலங்கை ஒலிக்கும்போது தெரியாது. தாலாட்டுப் பாடும்போது தெரியும்! எஸ்.எஸ்.டி.யில் அந்தத் தொல்லை இல்லை. (காற்றாடிச் சத்தம் இருக்கும். அதற்குத் தூசி தட்ட வேண்டும். வேறு வழி கிடையாது.)

விலை ஏறிய கதை

இங்கேதான் உலக விவகாரம் உள்ளே வருகிறது.

2023-ல் இந்தச் சில்லுகளின் விலை அதல பாதாளத்தில் கிடந்தது. கொரோனாக் காலத்தில் எல்லோரும் கம்ப்யூட்டர் வாங்கினார்கள். பிறகு வாங்க ஆள் இல்லை. சில்லுக் கம்பெனிகளுக்குப் பெரிய நஷ்டம். உற்பத்தியைக் குறைத்தார்கள். அப்போது எஸ்.எஸ்.டி. வாங்கிப் போட்டவர்கள் அதிர்ஷ்டசாலிகள்.

2025 பிற்பாதியில் நிலைமை தலைகீழ்! காரணம் செயற்கை அறிவு. கேள்வி கேட்டால் பதில் சொல்லும் யந்திரங்கள் வந்துவிட்டன அல்லவா? அவற்றை நடத்தப் பிரம்மாண்டமான கம்ப்யூட்டர் மாளிகைகள் கட்டப்படுகின்றன. ஒவ்வொரு மாளிகைக்கும் மலைமலையாக நினைவுச் சில்லு வேண்டும். அமெரிக்கக் கம்பெனிகள் கோடி கோடியாகக் கொட்டி வாங்குகின்றன. பெரிய கொள்ளளவுள்ள சுழல் தட்டுகளுக்கும் கிராக்கி வந்துவிட்டது.

சில்லு செய்யும் பெரிய கம்பெனிகளோ ஒரு சிலதான். கொரியாவில் சாம்சங், எஸ்.கே.ஹைனிக்ஸ். ஜப்பானில் கியோக்ஸியா. அமெரிக்காவில் மைக்ரான், சான்டிஸ்க். மொத்த வியாபாரிக்கு விற்றால் லாபம் அதிகம். சில்லறைக்கு ஏன் கொடுப்பார்கள்? 2025 டிசம்பர் 3-ந் தேதி மைக்ரான் கம்பெனி ஓர் அறிவிப்பு வெளியிட்டது. 'குரூஷியல்' என்ற பெயரில் பொது மக்களுக்கு விற்று வந்த சில்லறை வியாபாரத்தை விட்டு விலகுவதாகவும், 2026 பிப்ரவரி வரைதான் சரக்கு அனுப்பப்படும் என்றும் சொன்னது. பழைய கம்ப்யூட்டருக்கு எஸ்.எஸ்.டி. போடுகிறவர்கள் அதிகம் கேட்டு வாங்கிய பெயர்களில் ஒன்று அது!

காங்கேயத்துக்காரர்களுக்கு இது புரியாத சங்கதி அல்ல. 2025-ல் கொப்பரை விலை ஏறியபோது எண்ணெய் விலை எப்படிப் பறந்தது என்று கண்ணாலேயே பார்த்தார்கள். கொப்பரைக்கும் சில்லுக்கும் ஒரு வித்தியாசம்தான். மழை பெய்தால் தென்னை மறுபடி காய்க்கும். சில்லு ஆலை ஒன்று புதிதாகக் கட்டி உற்பத்திக்கு வர வருஷக் கணக்கில் ஆகும். குஜராத்தில் சாணந்து என்ற ஊரில் மைக்ரான் 2023-ல் ஆலை கட்டத் தொடங்கியது. ஆனால் அது சில்லுகளைச் சோதித்துப் பொதியும் ஆலை. சில்லு வார்க்கும் ஆலை அல்ல. ஆகவே அதனால் விலை இறங்கும் என்று காத்திருப்பது வீண்.

இதோடு இன்னொரு நெருக்கடி. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்ட் கொடுத்து வந்த இலவசப் பாதுகாப்பு 2025 அக்டோபர் 14-ந் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11 பழைய கம்ப்யூட்டர்கள் பலவற்றில் ஏறாது. "எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுப் புதிது வாங்குங்கள்" என்று கடைக்காரர் சொல்கிறார். பதிவுக்கூடத்துக்கு அந்த அவசரம் இல்லை. பாட்டு பதிவு செய்ய இன்டர்நெட் தேவை இல்லை. அந்தக் கம்ப்யூட்டரை இன்டர்நெட்டிலிருந்து துண்டித்துவிட்டால் வெளியிலிருந்து திருடன் வரும் பெரிய வாசல் மூடிவிடும். அதற்குப் பிறகும் கவனிக்க வேண்டியது பென் டிரைவ் ஒன்றுதான். கண்ட கண்ட பென் டிரைவைச் செருகக் கூடாது. ஆர்டர் என்ற பதிவு மென்பொருளோடு லினக்ஸுக்கு மாறியவர்களும் உண்டு. அது பழக நாள் பிடிக்கும்.

மாற்றும் முறை

முதல் வேலை நகல் எடுப்பது. திருப்புளியை அப்புறம் எடுக்கலாம். பழைய தட்டில் இருக்கும் பாட்டு முழுவதையும் வெளியே ஒரு தட்டில் நகல் எடுத்து, அந்த நகலைத் திறந்து கேட்டுப் பார்த்த பிறகுதான் பெட்டியைத் திறக்க வேண்டும்.

அடுத்து, உள்ளே போகும் கேபிளைப் பார்க்க வேண்டும். சுண்டு விரல் அகலம்கூட இல்லாத மெல்லிய கேபிள் என்றால் அது சாட்டா. 2003-க்குப் பிறகு படிப்படியாக வந்தது. இரண்டரை அங்குல சாட்டா எஸ்.எஸ்.டி. அதில் அப்படியே பொருந்தும். நாடா போல அகலமான கேபிள் என்றால் மிகப் பழையது. அதற்குச் செலவழிப்பது வண்டி போன பிறகு மாட்டுக்கு லாடம் கட்டுவது போல!

கடையில் "இதைவிடப் பத்து மடங்கு வேகம்" என்று சொல்லி, சூயிங்கம் பட்டை போன்ற புது மாதிரியைக் காட்டுவார்கள். பழைய கம்ப்யூட்டரில் அதற்கு இடமே இருக்காது. சாட்டாவிலும் பழைய கம்ப்யூட்டர்கள் சில பாதி வேகம்தான் தரும். பரவாயில்லை. பாட்டுக்குத் தேவை சுறுசுறுப்பு. அது முழுதாகக் கிடைக்கும். 8 மைக் பதிவுக்கு, பெயர் பெற்ற கம்பெனியின் சாதாரண மாதிரியே போதும். விலை உயர்ந்தது வாங்குவது வீண் செலவு.

பெயர் பெற்ற கம்பெனி என்பது முக்கியம். விலை ஏறும் காலத்தில் போலிகள் பெருகும். சில நூறு ரூபாய்க்குப் பல ஆயிரம் ஜி.பி. என்று விளம்பரம் வரும். உள்ளே சின்னச் சில்லு இருக்கும். கம்ப்யூட்டரிடம் மட்டும் பெரிதாகப் பொய் சொல்லும். இடம் தீர்ந்த பிறகு, பழைய பாட்டின் மேலேயே புதுப் பாட்டை எழுதும்! வாங்கியவுடன் அதன் முழுக் கொள்ளளவுக்கும் எழுதிப் பார்த்துத் திரும்பப் படித்துச் சோதிக்க இலவச மென்பொருள்கள் உண்டு. ஒரு ராத்திரி அதை ஓட விட்டால் பொய் வெளுத்துவிடும்.

விண்டோஸ் 7-க்கு முந்திய மென்பொருள் ஓடும் கம்ப்யூட்டரா? எஸ்.எஸ்.டி. நாளடைவில் மந்தமாகும். அழித்த இடத்தைச் சுத்தம் செய்து வைக்கும்படி அதற்குச் சொல்லத் தெரிந்தது விண்டோஸ் 7-லிருந்துதான். கம்ப்யூட்டரின் ஆரம்ப அமைப்பில் 'ஏ.எச்.சி.ஐ.' என்ற முறை இருக்கிறதா என்று மெக்கானிக்கிடம் ஒரு வார்த்தை கேட்பது நல்லது. அதை விண்டோஸ் ஏற்றும் முன்பே மாற்ற வேண்டும். பிறகு மாற்றினால் கம்ப்யூட்டர் எழுந்திருக்காமல் அடம் பிடிக்கலாம்.

கையில் காசு குறைவா? 250 ஜி.பி. எஸ்.எஸ்.டி. ஒன்று போதும். விண்டோஸும் பதிவு மென்பொருளும், இப்போது பதிந்துகொண்டிருக்கும் பாட்டும் அதில் இருக்கட்டும். முடிந்த பாட்டுகளைப் பழைய சுழல் தட்டுக்கு மாற்றிவிடலாம். எஸ்.எஸ்.டி.யில் ஐந்தில் ஒரு பங்கு எப்போதும் காலியாக இருக்க வேண்டும். மடிக் கம்ப்யூட்டராக இருந்தால், உபயோகம் இல்லாத டி.வி.டி. பெட்டியைக் கழற்றி அந்த இடத்தில் இரண்டாவது தட்டைப் பொருத்தச் சட்டம் கிடைக்கிறது.

தட்டுக்கும் ஆயுள் உண்டு

எஸ்.எஸ்.டி. வந்துவிட்டது, இனிப் பாட்டு பத்திரம் என்று நினைத்தால் தப்பு!

அமெரிக்காவில் அயர்ன் மவுன்டன் என்ற கம்பெனி இருக்கிறது. பெரிய இசைக் கம்பெனிகள் தங்கள் மூலப் பதிவுகளை அதனிடம்தான் கொடுத்துப் பாதுகாக்கின்றன. 1990-களில் கொடுத்து வைத்த சுழல் தட்டுகளைத் திறந்து பார்த்ததில், ஏறக்குறைய ஐந்தில் ஒன்று படிக்கவே முடியவில்லை என்று அந்தக் கம்பெனி 2024-ல் சொன்னது. அவை பீரோவில் பத்திரமாக இருந்தவை. குளிர் அறையில் இருந்தவை. அவற்றுக்கே அந்தக் கதி!

ஒரே இடத்தில் வைப்பதும் ஆபத்து. 2008 ஜூன் 1-ந் தேதி அமெரிக்காவில் யுனிவர்சல் ஸ்டூடியோவில் தீப் பிடித்தது. அங்கே வைத்திருந்த மூல ஒலிநாடாக்கள் கருகின. பணம் இருந்தது, காவல் இருந்தது, இன்னோர் இடத்தில் நகல் இருந்திருக்க வேண்டும்.

எஸ்.எஸ்.டி.க்குச் சுழல் தட்டுக்கு இல்லாத பலவீனம் ஒன்று உண்டு. அதில் பாட்டு என்பது சின்னஞ்சிறு மின்சாரத் துளிகள். மின் இணைப்பு இல்லாமல் நெடுங்காலம் வெப்பத்தில் கிடந்தால் துளிகள் மெல்லக் கசியும். உழைத்துத் தேய்ந்த எஸ்.எஸ்.டி. 30 டிகிரி வெப்பத்தில் ஒரு வருஷம் தாங்கினால் போதும் என்பதுதான் தயாரிப்பாளர்களின் பொது விதி. கோடையில் காங்கேயத்து ஓட்டு வீட்டில் எத்தனை டிகிரி? புதிது அதைவிட அதிக நாள் தாங்கும். ஆனாலும் பாட்டை எஸ்.எஸ்.டி.யில் ஏற்றிப் பரணில் போட்டுவிட்டு மகன் கல்யாணத்துக்கு எடுக்கலாம் என்று இருக்கக் கூடாது. ஓட வேண்டியது எஸ்.எஸ்.டி.யில், உறங்க வேண்டியது சுழல் தட்டில். அதுவும் இரண்டு தட்டில், இரண்டு வீட்டில். வருஷத்துக்கு ஒரு முறை, ஆயுத பூஜைக்கு யந்திரம் துடைக்கும் நாளில் வைத்துக்கொண்டால் மறக்காது, இரண்டையும் செருகிக் கேட்டுப் பார்க்க வேண்டும். ஐந்தாறு வருஷத்தில் புதுத் தட்டுக்கு மாற்றிவிட வேண்டும்.

தட்டின் மேல் ஒரு சீட்டு ஒட்டுவதும் வேலைதான். யார் பாடியது, எந்த ஊர், என்ன தேதி, உடுக்கை அடித்தது யார் என்று எழுத வேண்டும். பாட்டு இருந்து பெயர் இல்லாவிட்டால், பாடியவரின் பேரன் வந்து கேட்டாலும் தேடி எடுக்க முடியாது. ஓலப்பாளையத்துப் பதிவில் பாடகர் யார், எந்த வருஷம் என்று இன்றும் சொல்ல முடிகிறது என்றால், அதை அன்றே எழுதி வைத்ததுதான் காரணம்.

நிறையப் பதிவு சேர்ந்துவிட்டால் பொது நிலையங்களை அணுகலாம். டெல்லியை அடுத்த குர்கானில் அமெரிக்கன் இன்ஸ்டிட்யூட் ஆப் இந்தியன் ஸ்டடீஸ் 1982-ல் தொடங்கிய ஒலி ஆவணக் காப்பகம் இருக்கிறது.

தை, மாசி வந்தால் கொங்கு நாட்டில் திருவிழாக் காலம். உடுக்கைக்காரருக்கும் கும்மிக்காரருக்கும் ஓயாத வேலை. பதிவும் அப்போதுதான் அதிகம். தட்டு மாற்றுகிறவர்கள் அதற்கு முன்பே மாற்றிப் பத்து நாள் ஓட்டிப் பார்த்துவிட வேண்டும். ஓடும் சுழல் தட்டிலிருந்து 'டக்... டக்...' என்று சத்தம் வந்தால் ஒரு நிமிஷமும் தாமதிக்கக் கூடாது. அந்த விநாடியே மின்சாரத்தை நிறுத்த வேண்டும். "இன்னொரு தடவை போட்டுப் பார்ப்போம்" என்று போடுகிற ஒவ்வொரு தடவையும் கை தட்டை உரசும். உரசிய இடத்துப் பாட்டு போய்விடும். அதைப் பிரித்து மீட்டுக் கொடுப்பவர்கள் நகரங்களில் இருக்கிறார்கள். அவர்கள் கேட்கும் தொகையில் புதுத் தட்டு நாலைந்து வாங்கலாம்.